‘அனுமதி மறுக்கப்பட்டது’: கடைக் கணினியில் கோப்புறைகளுக்கு ஒழுங்கு செய்வது எப்படி?

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஐ நிறுவுவதற்கோ டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய புரொசஸரும் வேண்டும். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினியைத் தூக்கி எறிய மனமில்லாத கடைக்காரர்கள் சிலர் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச லினக்ஸ் பக்கம் திரும்பியுள்ளனர். பில் அடிக்கவும் கணக்கு எழுதவும் கடிதம் தயாரிக்கவும் அது தாராளமாகப் போதும்.

ஆனால், லினக்ஸுக்கு மாறியவர்கள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் முறைப்பாடு ஒன்று உண்டு. கோப்புறையைத் திறக்கப் போனால் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வருகிறது. அல்லது கோப்பு திறக்கிறது, சேமிக்க முடியவில்லை. “இது நான் காசு குடுத்து வாங்கின கொம்பியூட்டர். எனக்கே பெர்மிஷன் இல்ல எண்டு இது எப்படிச் சொல்லும்?” என்று ஒரு ஹாஜியார் கோபத்துடனேயே கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குரிய பதிலையும் பரிகாரத்தையும் இவ்வாரம் பார்ப்போம்.

இலகுவான மருந்தும் அதன் விலையும்

இப்பிரச்சினைக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்று இருக்கிறது. அதுதான் 777. கோப்புறைக்கு 777 எனும் இலக்கத்தைக் கொடுத்துவிட்டால் எவரும் திறக்கலாம், எவரும் எழுதலாம், எவரும் அழிக்கலாம். பிழைச்செய்தி அந்த நிமிடமே மறைந்துவிடும். அதனால்தான் அது இவ்வளவு பிரபலம்.

கொழும்பில் புடைவை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். முதலாளி, கணக்குப் பார்ப்பவர், களஞ்சியப் பொறுப்பாளர் என மூவர் ஒரே கணினியைப் பாவிக்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் இருந்தன. பழைய கணினியிலிருந்து கோப்புகளை மாற்றிக் கொடுத்தவர் நிர்வாகி அதிகாரத்துடன் அவற்றைப் பிரதி செய்துவிட்டுப் போய்விட்டார். மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவருக்குக் கோப்பைச் சேமிக்க முடியவில்லை. யாரோ தொலைபேசியில் 777 சொன்னார்கள். வேலை நடந்தது, எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் எவ்வளவு முற்பணம் எடுத்திருக்கிறார் என்பதெல்லாம் கடை முழுவதும் பேச்சாகிவிட்டது. பத்து வருடம் வேலை செய்த ஒருவர் மனம் நொந்து விலகினார். யாரும் திருடவில்லை, கடவுச்சொல்லை உடைக்கவில்லை. திறந்து கிடந்த கோப்புறையை ஒருவர் தற்செயலாகத் திறந்தார், அவ்வளவுதான்.

அடுத்தவர் வீட்டினுள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லாமல் நுழைய வேண்டாம் என்று சூறா அந்நூர் நமக்குக் கற்றுத் தருகிறது. ஊழியரின் சம்பள விபரமும் வாடிக்கையாளரின் கடன் கணக்கும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். தவணை முறையில் பொருள் விற்போரிடம் வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் சேர்ந்திருக்கும். இவ்வாறான தகவல்களைக் காப்பதற்கென்றே நமது நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆகவே, பிழைச்செய்தியை மறையச் செய்வது மட்டும் பரிகாரமாகாது. யாருக்கு எது தேவையோ அதை மட்டும் கொடுப்பதே பரிகாரம்.

லினக்ஸ் கேட்கும் மூன்று கேள்விகள்

லினக்ஸின் அனுமதி முறை யுனிக்ஸ் எனும் பழைய இயங்குதளத்திலிருந்து வந்தது. 1970 களில் ஒரே பெரிய கணினியைப் பலர் பங்கிட்டுப் பாவித்த காலத்து ஏற்பாடு அது. ஒருவரின் வேலையை மற்றவர் கெடுத்துவிடக்கூடாது என்பதே அதன் நோக்கம். ஒரே கணினியை மூவர் பாவிக்கும் கடைக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. ஒரு குழு உண்டு. இவ்விரண்டிலும் சேராதவர்கள் மற்றையோர். நீங்கள் ஒரு கோப்பைத் தொடும்போது, ‘இவர் உரிமையாளரா? இல்லையென்றால் குழுவில் உள்ளவரா? அதுவும் இல்லையென்றால் மற்றையோருக்கு என்ன அனுமதி?’ என்று இதே ஒழுங்கில் கணினி பார்க்கிறது.

அனுமதியும் மூன்று வகைப்படும். ஆர் என்பது வாசிப்பதற்கு, அதன் மதிப்பு 4. டபிள்யூ என்பது எழுதுவதற்கு, மதிப்பு 2. எக்ஸ் என்பது இயக்குவதற்கு, மதிப்பு 1. இவற்றைக் கூட்டினால் ஓர் இலக்கம் வரும். 7 என்றால் மூன்றும் உண்டு. 5 என்றால் வாசிக்கலாம், எழுத முடியாது. 0 என்றால் ஒன்றும் இல்லை. 750 எனும்போது உரிமையாளருக்கு 7, குழுவுக்கு 5, மற்றையோருக்கு 0. இப்போது 777 என்றால் என்னவென்று உங்களுக்கே விளங்கும்.

கோப்புறையைப் பொறுத்தவரை இவற்றின் அர்த்தம் சற்று வேறுபடும். இதைத் தெரியாததால்தான் பலர் குழம்புகின்றனர். கோப்புறையில் எக்ஸ் என்பது வாசலைத் தாண்டி உள்ளே போகும் அனுமதி. ஆர் என்பது உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பெயர்களைப் பார்க்கும் அனுமதி. டபிள்யூ என்பது உள்ளே புதிதாக வைக்கவும், பெயரை மாற்றவும், அழிக்கவும் உள்ள அனுமதி.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் பெறப்படுகின்றன. ஒன்று, உள்ளே இருக்கும் கோப்புக்கு எவ்வளவு அனுமதி கொடுத்தாலும் வெளிக் கோப்புறையில் எக்ஸ் இல்லாவிட்டால் அங்கே போய்ச் சேர முடியாது. இரண்டு, ஒரு கோப்பை அழிக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது அது இருக்கும் கோப்புறையின் அனுமதியாகும். விலைப்பட்டியலை ‘வாசிக்க மட்டும்’ என்று வைத்துவிட்டு, அது இருக்கும் கோப்புறையை எல்லோருக்கும் எழுதத் திறந்து வைத்தால், அந்தப் பட்டியலைத் திருத்த முடியாதவர்கூட அதனை அழித்துவிட முடியும்.

முதலில் நோயைக் கண்டறிதல்

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தருகிறேன். டேர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில் தட்டச்சு செய்யுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன். பயனர், குழு, கோப்புறை ஆகியவற்றின் பெயர்களையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினையுள்ள இடத்திற்குச் சென்று, எல், எஸ் எனும் இரண்டு எழுத்துக்களைச் சேர்த்தெழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் எல் எழுத்தும் இடுங்கள்:

எல்எஸ் -எல்

ஒவ்வொரு வரியின் ஆரம்பத்திலும் ஆர், டபிள்யூ, எக்ஸ் எழுத்துக்கள் மும்மூன்றாக வரும். முதல் மூன்று உரிமையாளருடையவை, அடுத்த மூன்று குழுவுடையவை, கடைசி மூன்று மற்றையோருடையவை. வரியின் நடுவில் உரிமையாளரின் பெயரும் அடுத்து குழுவின் பெயரும் இருக்கும். மேற்சொன்ன கடையில் அந்த இரண்டு இடத்திலும் ரூட் என்றே இருந்தது. ரூட் என்பது கணினியின் தலைமை நிர்வாகி. காசு கொடுத்து வாங்கியவர் முதலாளிதான். ஆனால் அந்தக் கோப்புகளின் உரிமையாளர் ரூட் ஆகிவிட்டார். ஹாஜியாரின் கேள்விக்கும் இதுவே பதில்.

கணினியை ஒருவர் மட்டும் பாவிப்பதாக இருந்தால் உரிமையை மாற்றிவிட்டால் போதும். அதற்குரிய கட்டளை சிஎச்ஓன். எழுத்துக்கள் சி, எச், ஓ, டபிள்யூ, என். நிர்வாகி அதிகாரத்துடன் செய்ய வேண்டியதால் முன்னால் சுடோ இட வேண்டும். எழுத்துக்கள் எஸ், யூ, டி, ஓ. முதலாளி என்பது உங்கள் பயனர் பெயர் என்று வைத்துக்கொண்டால்:

சுடோ சிஎச்ஓன் -ஆர் முதலாளி:முதலாளி பழையகோப்புறை

இங்கு ஆர் பெரிய எழுத்து. ‘உள்ளே உள்ள அனைத்துக்கும்’ என்பது அதன் அர்த்தம். இந்த ஒரு வரியோடு தனிநபர் கணினிகளில் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். 777 தேவையே இல்லை.

மூவர் பாவிக்கும் கடைக்கு

பலர் பாவிக்கும் இடத்தில் ஒரு வீட்டைப் போல் அமைக்க வேண்டும். ஒரு வெளிவாசல், உள்ளே அறைகள். அந்தக் கடைக்கு நான் அமைத்துக் கொடுத்த ஒழுங்கு இதுதான்.

பொதுக் கோப்புறையை எவருடைய சொந்தக் கோப்புறைக்குள்ளும் வைக்க வேண்டாம். உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து, அதாவது 2021 முதல், புதிதாக உருவாக்கும் பயனரின் சொந்தக் கோப்புறை 750 என்றே அமைகிறது. அதனுள் மற்றவர் நுழைய முடியாது. அது நல்ல ஏற்பாடு. அதனைக் குலைக்காமல், ஹோம் எனும் கோப்புறையில் பயனர்களின் கோப்புறைகளுக்குப் பக்கத்தில் ‘கடை’ எனத் தனிக் கோப்புறை ஒன்றை அமைப்போம். எம்கேடிஐஆர் என்பது ஐந்து எழுத்துக் கட்டளை:

சுடோ எம்கேடிஐஆர் /ஹோம்/கடை

அடுத்து இரண்டு குழுக்கள். ‘கடை’ குழுவில் மூவரும் இருப்பர். ‘நிர்வாகம்’ குழுவில் முதலாளியும் கணக்குப் பார்ப்பவரும் மட்டும். அட்குரூப் என்பது குழு அமைக்கும் கட்டளை, அட்யூசர் என்பது ஆளைச் சேர்க்கும் கட்டளை. இரண்டிலும் அட் என்பதற்கு ஏ, டி, டி என டி இரண்டு தடவை வரும். இரண்டையும் ஒரே சொல்லாகச் சேர்த்தெழுத வேண்டும்:

சுடோ அட்குரூப் கடை
சுடோ அட்யூசர் முதலாளி கடை

இவ்வாறே மற்ற இருவரையும் கடைக் குழுவில் சேர்த்து, நிர்வாகக் குழுவையும் அமைத்துக்கொள்ளுங்கள். சேர்த்தபின் ஒவ்வொருவரும் ஒரு தடவை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். அதுவரை புதிய குழு உரிமை கிடைக்காது. ‘எல்லாம் சரியாகச் செய்தேன், இன்னும் திறக்கவில்லை’ என்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றனர்.

வெளிவாசலை முதலாளிக்கும் கடைக் குழுவுக்கும் உரித்தாக்கி, சிஎச்மோட் கட்டளையால் இலக்கம் கொடுப்போம். அதன் எழுத்துக்கள் சி, எச், எம், ஓ, டி:

சுடோ சிஎச்ஓன் முதலாளி:கடை /ஹோம்/கடை
சுடோ சிஎச்மோட் 2750 /ஹோம்/கடை

முன்னால் உள்ள 2 மிக முக்கியமானது. இதனுள் உருவாகும் புதிய கோப்புகள் அனைத்தும், யார் உருவாக்கினாலும், இந்தக் கோப்புறையின் குழுவுக்கே உரியதாகும் என்பது அதன் பொருள். அது இல்லாவிட்டால் ஒருவர் உருவாக்கும் கோப்பு அவருடைய சொந்தக் குழுவின் பெயரில் போய் நிற்கும்; அடுத்த நாள் மற்றவருக்குத் திருத்த முடியாது. ஒரு தடவை திருத்திய பிரச்சினை திரும்பத் திரும்ப வருவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இனி முதலாளியின் கணக்கில் நுழைந்து, சாதாரணமாக மவுஸ் மூலமே உள்ளே மூன்று கோப்புறைகளை உருவாக்குங்கள். அவற்றுக்கு அதே சிஎச்ஓன், சிஎச்மோட் கட்டளைகளால் பின்வருமாறு உரிமையும் இலக்கமும் கொடுங்கள்.

பில்: உரிமையாளர் முதலாளி, குழு கடை, இலக்கம் 2770. மூவரும் எழுதலாம்.

விலை: உரிமையாளர் முதலாளி, குழு நிர்வாகம், இலக்கம் 2775. முதலாளியும் கணக்குப் பார்ப்பவரும் திருத்தலாம். களஞ்சியப் பொறுப்பாளர் பார்க்கலாம், திருத்தவோ அழிக்கவோ முடியாது.

சம்பளம்: உரிமையாளர் முதலாளி, குழு நிர்வாகம், இலக்கம் 2770. களஞ்சியப் பொறுப்பாளருக்கு உள்ளே நுழைய முடியாது.

விலைக் கோப்புறையில் மற்றையோருக்கு 5 கொடுத்திருக்கிறோமே, வெளியார் பார்த்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம். வெளிவாசலின் கடைசி இலக்கம் 0. கடைக் குழுவில் இல்லாத எவரும் அந்த வாசலையே தாண்ட முடியாது. ஆகவே உள்ளே ‘மற்றையோர்’ என்று மிஞ்சுவது களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவர்தான்.

பழைய கோப்புகளைக் கொண்டுவருதல்

பழைய கோப்புகளை உரிய அறைக்குள் பிரதி செய்யுங்கள், நகர்த்த வேண்டாம். ஒரே வன்தட்டுக்குள் நகர்த்தப்படும் கோப்பு தன் பழைய உரிமையாளரையும் பழைய குழுவையும் சுமந்துகொண்டே வரும். பிரதி செய்யப்படுவது புதிய கோப்பு என்பதால் புதிய வீட்டின் ஒழுங்குக்கு வரும். இனி அன்றாட வேலையிலும் இப்பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள்.

பிரதி செய்தபின் பழைய இலக்கங்கள் உள்ளே ஒட்டியிருக்கலாம், குறிப்பாக முன்பு 777 கொடுத்திருந்தால். கோப்புறையின் மீது வலது பொத்தானை அழுத்தி, பண்புகள் பகுதியில் அனுமதிகள் எனும் பக்கத்தைத் திறவுங்கள். உள்ளிருக்கும் கோப்புகளின் அனுமதியை ஒரேயடியாக மாற்றும் பொத்தான் அங்கே இருக்கும். உரிமையாளருக்கும் குழுவுக்கும் வாசிக்க, எழுத என்று கொடுங்கள். மற்றையோருக்கு, விலைக் கோப்புறையில் வாசிக்க மட்டும். ஏனைய இரண்டிலும் ஒன்றும் இல்லை. உள்ளே துணைக் கோப்புறைகள் இருந்தால் அவற்றுக்கும் அந்தந்த அறையின் இலக்கத்தையே கொடுங்கள். அதன்பின் பழைய இடத்தில் திறந்து கிடக்கும் கோப்புகளை, ஒரு காப்புப் பிரதி எடுத்துக்கொண்டு, நீக்கிவிடுங்கள். புதிய அறைக்குப் பூட்டுப் போட்டு, பழைய அறையைத் திறந்துவிடுவதில் பயனில்லை.

கடைசியாக ஒரு பரீட்சை. ஒருவரின் கணக்கில் பில் கோப்புறையில் புதிய கோப்பு ஒன்றை உருவாக்கி, இன்னொருவரின் கணக்கில் திருத்திச் சேமித்துப் பாருங்கள். களஞ்சியப் பொறுப்பாளரின் கணக்கில் சம்பளம் திறக்கிறதா என்றும் பாருங்கள். திறக்கக்கூடாத கதவு திறக்கவில்லை என்பதையும் உறுதிப்படுத்தினால்தான் வேலை முடிந்ததாகும்.

கவனத்திற் கொள்ள வேண்டியவை

பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபெட்32 அல்லது எக்ஸ்ஃபெட் முறையில் அமைந்தவை. இவ்வகை முறைகளில் இந்த அனுமதிகள் பதியப்படுவதில்லை. அதில் சிஎச்மோட் கொடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சம்பளக் கோப்பை அதில் பிரதி செய்தால், பென் டிரைவ் யார் கையில் இருக்கிறதோ அவர் அதை வாசிக்கலாம்.

‘இக்கோப்பை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்’ என்று லிப்ரே ஒபிஸ் சொன்னால் அது அனுமதிப் பிரச்சினை அல்ல. மற்றவர் தன் கணக்கில் கோப்பை மூடாமல் விட்டிருப்பார். அவரை மூடச் சொல்லுங்கள்.

லிப்ரே ஒபிஸ் போன்ற மென்பொருட்களை ஒருபோதும் சுடோ இட்டுத் திறக்க வேண்டாம். அவ்வாறு உருவாக்கும் கோப்புகள் ரூட்டின் பெயரில் போய்விடும். வந்த வியாதி மீண்டும் வரும்.

பெரிய ஆர் எழுத்தை இடும்போது பாதையை இரண்டு தடவை வாசியுங்கள். முதற் சாய்கோட்டுக்குப் பின் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்தால் கட்டளை முழுக் கணினிக்கும் பாயும். இயங்குதளத்தின் சொந்தக் கோப்புகளின் உரிமை மாறினால் சுடோ கட்டளையே வேலை செய்யாமற் போகலாம்.

சுடோ அதிகாரம் உள்ளவருக்கு எந்தப் பூட்டும் பூட்டல்ல. அது யாரிடம் இருக்க வேண்டும் என்பதை முதலாளி தீர்மானிக்க வேண்டும். திருத்த வந்தவருக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் வேலை முடிந்ததும் அதை மாற்றிவிடுங்கள். வன்தட்டையே கழற்றிக்கொண்டு போனாலும் இந்த அனுமதிகள் தடுக்காது. அதற்கு லினக்ஸை நிறுவும்போதே வன்தட்டை மறையாக்கம் செய்ய வேண்டும்.

அந்தப் புடைவைக் கடையில் இவை அனைத்தையும் செய்து முடிக்க ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. விலகிப் போன ஊழியர் திரும்பி வரவில்லை. கடை அலுமாரியின் திறப்பு யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் எந்த முதலாளியும் உடனே பதில் சொல்வார். கணினியில் உள்ள கடன் கணக்கையும் சம்பளப் பட்டியலையும் யார் யார் திறக்கலாம் என்று கேட்டாலும் அதேபோல் பதில் சொல்ல முடிய வேண்டும். இன்று கடையைச் சாத்துமுன் எல்எஸ் -எல் என்று ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் காப்புப் பிரதி எடுக்கும் ஒழுங்கைப் பற்றிப் பார்ப்போம்.